கை தாங்கும் வேகம்

2008-ஆம் ஆண்டு நம் நாட்டில் விசித்திரமான போட்டி ஒன்று நடந்து முடிந்தது. ஓட வேண்டாம், தாண்ட வேண்டாம், மட்டையைத் தொடவும் வேண்டாம். கொடுக்கும் பந்தைக் குறிப்பிட்ட கட்டத்துக்குள் வேகமாக எறிந்தால் போதும். முதற் பரிசு ஒரு லட்சம் டாலர். ஜே. பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவர் ஏற்பாடு செய்த அப்போட்டிக்கு ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று பெயர். 37,000-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பந்தெறிந்து பார்த்தனர். பரிசைப் பெற்றவர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங். அவருடன் தேர்வானவர் அதே மாநிலத்தவரான தினேஷ் பட்டேல். இருவரும் லக்னோவில் உள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரி மாணவர்கள், ஈட்டி எறிபவர்கள். பேஸ்பால் என்னும் ஆட்டத்தை அதற்கு முன் அவர்கள் ஆடியதே இல்லை.

இருவரும் அமெரிக்கா சென்றனர். டாம் ஹவுஸ் என்ற அனுபவமிக்க பயிற்சியாளரிடம் ஆறு மாதம் பயின்றனர். அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் நாள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற தொழில்முறை அணி அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டது. இக்கதை 2014-இல் திரைப்படமாகவும் வந்தது. அதற்கு இசையமைத்தவர் நம் ஏ. ஆர். ரகுமான். திரைப்படத்துக்கு அந்த ஒப்பந்தமே உச்சக் கட்டம். ஆனால் மாணவர்களே, இயற்பியல் படிக்கும் நமக்கு உண்மையான கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ரிங்கு சிங்கின் பந்து மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. நம் ஊர் வேகப்பந்து வீச்சாளர்கள் பலருக்கும் எட்டாத வேகம் அது. பத்தொன்பது வயதில் இந்த வேகம் கைவந்த ஒருவர் ஏன் அமெரிக்காவின் முதல்தர ஆட்டம் வரை போய்ச் சேரவில்லை? வேகத்தைத் தவிர ஒரு கைக்கு வேறு என்ன வேண்டும்?

பேஸ்பாலைப் பார்த்திராதவர்களுக்கு அதைப் பற்றி இரண்டு வரி. பந்தை எறிபவரைப் பிட்ச்சர் என்பர். அவர் 25 சென்டிமீட்டர் உயரமுள்ள மண் மேட்டின் மேல் நிற்பார். அங்கிருந்து மட்டைக்காரர் நிற்கும் இடத்திலுள்ள தகடு 18.44 மீட்டர் தூரத்தில் இருக்கும். கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும். இங்கே தரையைத் தொடாமல் செல்ல வேண்டும். முழங்கையை மடக்கி நீட்டி எறிவதற்குத் தடையே இல்லை. தகட்டின் அகலம் 43 சென்டிமீட்டர். அதற்கு மேலே, மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே, கற்பனையாக ஒரு கட்டம் உண்டு. பந்து அதற்குள் போக வேண்டும், ஆனால் மட்டையில் சரியாகச் சிக்கக் கூடாது. பிட்ச்சரின் வேலை இவ்வளவே.

கணக்கு ஒன்று போடுவோம். பந்தின் வேகம் விநாடிக்கு 40 மீட்டர் எனக் கொள்வோம். (இது மணிக்கு 144 கி.மீ.) கையை விட்டுப் பந்து கிளம்பும்போது பிட்ச்சர் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் முன்னால் எட்டிவிடுகிறார். மிச்சமுள்ள 17 மீட்டரைக் கடக்கப் பந்துக்கு 0.4 விநாடிக்குச் சற்று மேலாகிறது. இந்நேரத்தில் புவியீர்ப்பினால் பந்து எவ்வளவு இறங்க வேண்டும்? ½ × 9.8 × 0.4 × 0.4 என்று பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 78 சென்டிமீட்டர். ஆனால் நல்ல பிட்ச்சரின் நேர்வேகப் பந்து அதில் பாதியளவே இறங்குகிறது! மீதியைத் தாங்கிப் பிடிப்பது யார்?

காற்றுதான். பந்தை விடும்போது விரல்கள் அதன் பின்புறத்தைக் கீழ்நோக்கி உருட்டிவிடுகின்றன. நிமிடத்துக்கு 2,000 முறைக்கும் மேலாகப் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே முன்னேறுகிறது. பந்தின் மேல் உயர்ந்து நிற்கும் தையல் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துச் செல்கிறது. அதனால் பந்தைக் கடந்து செல்லும் காற்று சற்றுக் கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. பந்து காற்றைக் கீழே தள்ளினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று பந்தை மேலே தள்ள வேண்டும் அல்லவா? இதனை மாக்னஸ் விளைவு என்பர். சுழற்சியை முன்பக்கமாக மாற்றினால் விசையும் திசை மாறும். பந்து எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சரிந்து விழும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு முழுத்தாளைக் குழலாகச் சுருட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். மேசை விளிம்பில் ஒரு பலகையைச் சாய்வாக வைத்து அதன் மேல் குழலை உருட்டிவிடுங்கள். மேசையைத் தாண்டி எறிகல் போல முன்னால் விழும் என்று நினைப்பீர்கள். அதுவோ வளைந்து திரும்பி மேசைக்கு அடியிலேயே போய் விழும். சுழற்சியின் திசையைக் குறித்துக்கொண்டு காரணத்தை நீங்களே வரைந்து பாருங்கள்.

மூன்று குதிரைத்திறன்

இனி கைக்கு வருவோம். பேஸ்பால் பந்தின் நிறை சுமார் 145 கிராம். விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ½ × 0.145 × 40 × 40, அதாவது 116 ஜூல். இது பெரிய ஆற்றலே அல்ல. ஒரு கிலோ கருப்பட்டியை நான்கு மாடி உயரத்துக்குத் தூக்க இவ்வளவுதான் தேவை. மெதுவாகப் படியேறினால் குழந்தையும் தூக்கிச் சென்றுவிடும்.

நேரத்தில்தான் சிக்கல் இருக்கிறது. பந்துக்கு அந்த ஆற்றலில் பெரும்பகுதி கடைசி ஒரு நொடிப்பொழுதில்தான் சேர்கிறது. அதை விநாடியில் இருபதில் ஒரு பங்கு என வைத்துக்கொள்வோம். 116-ஐ 0.05-ஆல் வகுத்தால் 2,320 வாட் வருகிறது. ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆகவே மூன்று குதிரைத்திறனுக்கும் சற்று மேல்! எங்கள் எட்டயபுரம் வட்டாரத்தில் கிணற்றில் நீரிறைக்கப் பொருத்தும் மோட்டார் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். மெலிந்த ஒரு முன்கையும் மேற்கையும் அத்தனை திறனை எவ்வாறு தரும்?

தராது. கைக்கு வெளியிலிருந்துதான் அது வர வேண்டும்.

கரிசல் காட்டில் கம்பும் சோளமும் கதிர் பிடிக்கும் காலத்தில் பரண் மேல் நின்று கவண் சுற்றிக் குருவி விரட்டுவார்கள். கவணின் கயிறு செய்யும் வேலை என்ன? கையின் மெதுவான சுழற்சியை, நீண்ட ஆரத்தின் நுனியில் வேகமாக மாற்றுகிறது. மாட்டுவண்டிக்காரரின் சாட்டை இன்னும் ஒரு படி மேலே. கைப்பிடி தடிமனாக இருக்கும். நுனியோ நூல் போல இருக்கும். கனமான பகுதி மெதுவாக அசைந்து, திடீரென நிற்கும்போது, அதிலிருந்த ஆற்றல் அடுத்திருக்கும் மெல்லிய பகுதிக்குப் போகிறது. ஆற்றல் அதேதான், நிறை குறைவு. எனவே வேகம் கூட வேண்டும். இப்படியே நுனி வரைக்கும்.

பிட்ச்சரின் உடலும் ஒரு சாட்டையே. முன்கால் நீண்டு மண்ணில் ஊன்றி நிற்கிறது. ஓடிவரும் வண்டியின் முன்சக்கரம் கல்லில் இடித்தாற்போல உடலின் கீழ்ப்பகுதி நிற்க, இடுப்பு திரும்புகிறது. இடுப்பைத் தொடர்ந்து மார்பு திரும்புகிறது. மார்பு முன்னே வந்த பிறகும் கை பின்னாலேயே கிடக்கிறது. இறுதியில் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல். இந்த வரிசையில் ஒன்று முந்தினாலும் வேகம் குறையும். குறைந்த வேகத்தை ஈடுகட்டக் கை அதிகமாக வருந்தும். கடைசிக் கட்டத்தில் மேற்கை தன் அச்சில், திருப்புளி திருகுவது போல, விநாடிக்கு 7,000 பாகை என்ற அளவில் சுழல்வதாக ஆய்வுக்கூடங்களில் அளந்திருக்கிறார்கள். அவ்வேகம் நீடித்தால் ஒரு விநாடியில் 19 சுற்றுக்கு மேல். மனித உடலின் எந்த அசைவும் இதைவிட விரைவாக நடப்பதாகத் தெரியவில்லை என்பர்.

ஈட்டி எறிபவர்களுக்கும் இந்தச் சாட்டை தெரியும். பெர்ன்ஸ்டீனின் போட்டியில் ஈட்டிக்காரர்கள் தேறியதில் வியப்பில்லை. ஆனால் ஈட்டி 800 கிராம். வானத்தை நோக்கி எறிவது. எல்லை மிக அகலமானது. பேஸ்பால் மேட்டிலிருந்து சற்றுக் கீழ்நோக்கி எறிவது. 17 மீட்டருக்கு அப்பால் தகட்டின் நடுவிலிருந்து பக்கத்துக்கு 21 சென்டிமீட்டர்தான் இடமிருக்கிறது. கோணத்தில் சொன்னால் முக்கால் பாகைக்கும் குறைவு. வளைந்து வரும் கையிலிருந்து பந்து விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முந்திக் கிளம்பினால் கட்டம் தவறிவிடும். ஆறு மாதத்தில் டாம் ஹவுஸ் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது இதைத்தான். வேகத்தை அவர்கள் லக்னோவிலிருந்தே கொண்டு போயிருந்தார்கள்.

முழங்கையின் உட்புறம்

பேருந்து திடீரெனக் கிளம்பும்போது நிற்பவர்கள் பின்னால் சாய்கிறார்கள். மார்பு முன்னால் பாயும்போது முன்கைக்கும் அதே கதிதான். அது பின்னால் மல்லாந்து, உள்ளங்கை வானத்தைப் பார்க்கிறது. அந்த நொடியில் முழங்கையின் உட்புறம் திறந்துகொள்ளப் பார்க்கிறது. அதைத் திறக்கவிடாமல் கட்டி வைத்திருப்பது, மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இணைக்கும் ஒரு பிணைப்பு நார். சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத நார்.

அதன் மேல் வரும் திருப்புத்திறன் வளர்ந்த பிட்ச்சர்களிடம் 60 நியூட்டன்-மீட்டருக்கும் மேல். முழங்கையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி உள்ளங்கையில் இழுத்தால் 200 நியூட்டன் விசை. 20 கிலோ எடையுள்ள மூட்டையைக் கையில் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். இறந்தவர்களின் முழங்கைகளை எடுத்து ஆராய்ந்தபோது அந்த நார் தனியாக இதில் பாதியளவுக்கே தாங்கியது. அதற்கு மேல் அறுந்துவிட்டது. அப்படியானால் ஒவ்வோர் எறிக்கும் ஒவ்வொரு பிட்ச்சரின் நாரும் அறுந்திருக்க வேண்டுமே?

அறுவதில்லை. ஏனெனில் முன்கையின் உட்புறத் தசைகள் இறுகி அந்தச் சுமையில் பெரும் பங்கை ஏற்றுக்கொள்கின்றன. இங்கேதான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. தசை களைத்துப் போகும். நாருக்குக் களைப்புத் தெரியாது. எண்பதாவது பந்தும் முதற் பந்தைப் போலவே வேகமாகப் போகலாம். ஆனால் களைத்த தசை தன் பங்கை இறக்கி வைத்துவிட, நார் கூடுதலாக ஏந்திக்கொள்கிறது. வெளியே எதுவும் தெரியாது. உங்கள் ஊரில் கமலை இறைத்தவர்கள் இருந்தால் வடத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அது ஒரே நாளில் அறுவதில்லை. புரி புரியாகத் தேய்ந்து, ஒரு நாள், எப்போதும் இழுக்கும் அதே சாலை இழுக்கும்போது அறும்.

1974-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜான் என்ற பிட்ச்சருக்கு இந்த நார் அறுந்தது. அதுவரை, அறுந்தால் ஆட்டம் முடிந்தது என்றே பொருள். டாக்டர் ஃபிராங்க் ஜோப் என்பவர் அவருடைய மற்றொரு கையிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து, எலும்பில் துளையிட்டுக் கோத்து, புது நாராகக் கட்டினார். டாமி ஜான் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அந்த அறுவைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. எடுத்த தசைநாணை நீங்களும் பார்க்கலாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து அழுத்தி மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறு போல ஒன்று புடைக்கிறதா? சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. இல்லாததால் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் அப்படி என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த அறுவையைச் செய்துகொண்டால் கை முன்னைவிட வலுக்கும், வேகம் கூடும் என்று அமெரிக்கச் சிறுவர்களிடையே ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. வெறும் மூடநம்பிக்கை. திரும்பி எறிய ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும்; எல்லோரும் பழைய நிலைக்கு வருவதும் இல்லை.

வளரும் எலும்பு

உங்கள் வயதில் நிலைமை இன்னும் வேறு. எலும்பின் ஓரங்களில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். முழங்கையின் உட்புறத் தட்டு பதினைந்து, பதினாறு வயதளவில்தான் முழு எலும்பாகி மூடுகிறது. அதுவரை அந்தத் தட்டு பிணைப்பு நாரைவிடப் பலவீனமானது. ஆகவே பெரியவர்களுக்கு நார் அறும் இடத்தில், சிறுவர்களுக்குத் தட்டே பிய்ந்து விலகுகிறது.

ஆனால் வளர்ச்சியில் ஓர் அதிசயமும் உண்டு. குழந்தை பிறக்கும்போது மேற்கை எலும்பு தன் நீளவாக்கில் சற்று முறுக்கியிருக்கும். வளர வளர அந்த முறுக்கு குறைகிறது. சிறு வயதிலிருந்து அளவோடு எறிந்து பழகியவர்களின் எறியும் கையில் மட்டும் அந்த முறுக்கு அவ்வளவாகக் குறைவதில்லை! மற்றக் கையைவிடப் பத்துப் பாகைக்கும் மேல் வித்தியாசம் காணப்படுவதுண்டு. முறுக்கு மிஞ்சிய எலும்பு, மூட்டின் நார்களை இழுக்காமலேயே முன்கை அதிகமாக மல்லாந்து போக இடம் தருகிறது. எலும்பே தன்னைத் தொழிலுக்கு ஏற்றவாறு செதுக்கிக்கொள்கிறது எனலாம். வளர்ச்சி நின்ற பிறகு இந்த வாய்ப்பு இல்லை. தசை சில வாரங்களில் பெருக்கும். நாருக்கு இரத்த ஓட்டம் குறைவாதலால் அது வலுவடைய மாதங்கள், ஆண்டுகள் ஆகும். வேகம் முன்னே ஓடுகிறது; நார் பின்னே நடந்து வருகிறது.

கிரிக்கெட்டில் இந்த ஆபத்து குறைவு. பந்தை விடும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது 2005-இல் வந்த விதி. இலங்கையின் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சைப் பற்றிய சர்ச்சையில் முழங்கைக் கோணத்தை ஆய்வுக்கூடத்தில் படம் பிடித்து அளந்த செய்தியை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜனுக்கு 2015-இல், ரஞ்சிக் கோப்பையில் நுழைந்தவுடனேயே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. அவர் தன் முறையை அடிமுதல் மாற்றிக் கட்டிக்கொண்டு, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். இடையில் ஆன ஆறு ஆண்டுகளைக் கவனியுங்கள். கையை நேராக வைக்கும் விதியினால் முழங்கை தப்பியது உண்மைதான்; ஆனால் சுமை மறைந்துவிடவில்லை, முதுகுக்குப் போய்விட்டது. ஜஸ்பிரித் பும்ரா 2019-இல் கீழ்முதுகு எலும்பு விரிசலால் ஓய்வெடுத்ததும், 2023-இல் முதுகில் அறுவை செய்துகொண்டதும் அதனால்தான்.

தோற்கும் அணியின் கையிருப்பு

இப்போது பிட்ஸ்பர்க் அணிக்கு வருவோம். ரிங்குவும் தினேஷும் சேர்ந்தபோது அது நொடித்துப் போயிருந்த அணி. 1993 முதல் 2012 வரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து, வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்களே அதற்கு அதிகம். 2010-இல் 162 ஆட்டங்களில் 105 தோல்வி. இப்படிப்பட்ட அணி விலை கொடுத்து நட்சத்திரங்களை வாங்கிப் பயனில்லை. இளைஞர்களைச் சேர்த்துப் படிப்படியாக வளர்ப்பதே வழி. அமெரிக்க முறையில் அதற்கு ஒரு வசதியும் இருந்தது: கடைசியில் நிற்கும் அணிக்கே புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு.

என் கருத்தில், இளம் பிட்ச்சருக்குத் தோற்கும் அணி அவ்வளவு மோசமான இடமல்ல. வெல்லும் அணிக்கு இன்றைக்கே தேறிய கை வேண்டும். தோற்கும் அணியால் காத்திருக்க முடியும். நார் கேட்பதும் அதைத்தான். ஆனால் காத்திருக்க முடியும் என்பது வேறு, காத்திருப்பது வேறு.

2009 ஜூலை 4 அன்று இரு இந்தியரும் அணியின் அடிமட்டப் பிரிவில் முதன்முதலாக மேட்டில் ஏறினர். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆடிய முதல் இந்தியக் குடிமக்கள் அவர்களே. அவ்வாண்டு ரிங்கு, ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரி 5.84 ஓட்டங்கள் விட்டுக்கொடுத்தார். இந்த எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. தினேஷை 2010 டிசம்பரில் அணி விடுவித்தது. ரிங்கு விடவில்லை. 2012-இல் மேற்கு வர்ஜீனியாவில் இரண்டு படி மேலே ஆடி 72 இன்னிங்ஸ் எறிந்தார், சராசரி 3.00-க்கு இறங்கியது. மூன்றே ஆண்டில் பாதி! பந்தையே பார்த்திராதவர் ஒருவர் இவ்வளவு கற்றது என்னைப் பொறுத்தவரை பரிசுத் தொகையைவிடப் பெரிய செய்தி. அடுத்த ஆண்டு முதல் காயங்கள். அதன்பின் அவர் போட்டிகளில் எறியவே இல்லை. 2018-இல் மல்யுத்தக் காட்சிகளுக்குப் போய்விட்டார்.

அதே அணி 2010-இல் ஜேம்சன் டையோன் என்ற பள்ளி மாணவரையும், 2011-இல் கெரிட் கோல் என்ற கல்லூரி மாணவரையும் தேர்ந்தெடுத்தது. கோல் 2013-இல் முதல்தர ஆட்டத்துக்கு வந்தார். அவ்வாண்டு அணி 94 ஆட்டங்களில் வென்று இருபதாண்டு அவமானத்தைத் துடைத்தது. டையோனுக்கு 2014-இல் முழங்கை அறுவை. 2016-இல் தான் முதல்தர ஆட்டம். 2019-இல் மறுபடியும் அறுவை. இருவரும் ஒரே தோட்டத்துக் கன்றுகள், ஒரே தண்ணீர்.

பைரேட்ஸ் மீண்டும் சரிந்தது. 2023-இல் பால் ஸ்கீன்ஸ் என்பவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. மணிக்கு 160 கி.மீ. அளவில் எறியக் கூடியவர். 2024 ஏப்ரலில் கீழ்ப் பிரிவில் அவரைச் சில இன்னிங்ஸ் மட்டுமே எறியவிட்டு நிறுத்திக்கொண்டனர், இரசிகர்கள் பொறுமையிழந்தனர். மே மாதம் மேலே வந்தார். 2025-இல் அவர் சராசரி 1.97, தேசிய லீகின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது. ஆனால் அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வியும் 10! ஓட்டம் எடுக்காத அணியில் பிட்ச்சர் மட்டும் என்ன செய்வார்? அவருடன் 2024-இல் அறிமுகமான ஜேரட் ஜோன்ஸ், அதே 2025 மே மாதத்தில், இருபத்து மூன்று வயதில், முழங்கை நாரில் அறுவை செய்துகொண்டார்.

துப்பாக்கி சொல்லாதது

போட்டியில் ரிங்குவின் வேகத்தை அளந்த கருவியை வேகத் துப்பாக்கி என்பர். இரயில் ஊதிக்கொண்டே நம்மை நெருங்கும்போது ஒலி கூர்மையாவது போல, ஓடிவரும் பந்தில் பட்டுத் திரும்பும் மின்காந்த அலையின் அதிர்வெண்ணும் கூடுகிறது. விநாடிக்கு 3,500 கோடி அதிர்வுள்ள அலையை அனுப்பினால், 40 மீட்டர் வேகத்தில் வரும் பந்து அதில் ஏறக்குறைய 9,300 அதிர்வுகளைக் கூட்டும். அதை எண்ணி வேகத்தைக் காட்டிவிடலாம். அழகான இயற்பியல். ஆனால் அது பந்தைத்தான் பார்க்கிறது. நாரில் எத்தனை புரி மிச்சம் என்று எந்தத் துப்பாக்கியும் காட்டுவதில்லை. துப்பாக்கி மலிந்ததும் எல்லோரும் அந்த ஓர் எண்ணையே துரத்தினர். 2008-இல் முதல்தர ஆட்டத்தில் நேர்வேகப் பந்தின் சராசரி மணிக்கு 92 மைலுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. 2024-இல் 94-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க முதல்தர லீக் தானே வெளியிட்ட ஆய்வறிக்கை, ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு எறியும் பழக்கமே பிட்ச்சர்களின் காயங்கள் பெருகியதற்கு முக்கியக் காரணம் என்று கூறியது.

துப்பாக்கி சொல்லாததைச் சாதாரண எண்ணிக்கை ஓரளவு சொல்கிறது. 481 அமெரிக்கச் சிறுவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், எந்த ஓராண்டிலாவது 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குக் கடுமையான காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு எனத் தெரிந்தது. மற்றோர் ஆய்வில், கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்துகொண்டிருந்த இளைஞர்களுக்கு அறுவை வரை போகும் வாய்ப்பு 36 மடங்கு. இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில் 2014-இல் வரையறைகள் வெளியாயின. 13 முதல் 16 வயது வரை ஒரு நாளைக்கு 95 எறிகளுக்கு மேல் கூடாது. 15, 16 வயதினர் ஒரு நாளில் 75-க்கு மேல் எறிந்துவிட்டால் நான்கு நாள் மேட்டில் ஏறக் கூடாது. ஆண்டுக்கு நான்கு மாதமாவது போட்டிகளில் எறியக் கூடாது.

நம் ஊர்களில் கோடை விடுமுறையில் டென்னிஸ் பந்துப் போட்டிகள் நடக்கின்றன. நன்றாகப் பந்து வீசும் பையன் காலையில் ஓர் அணிக்கும் மாலையில் இன்னோர் அணிக்கும் வீசுவான். ஓவர்களை எண்ணுபவர் உண்டு. வலைப் பயிற்சியில் வீசியதையும், எல்லைக் கோட்டிலிருந்து எறிந்ததையும் யார் எண்ணுகிறார்கள்? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதிக்கு ஒரு வரி, மூன்று கட்டம். முதற் கட்டத்தில் அன்று வீசிய பந்துகள், பயிற்சியையும் சேர்த்து. இரண்டாவதில் எல்லையிலிருந்து முழு வேகத்தில் எறிந்தவை. மூன்றாவதை மறுநாள் காலையில் எழுத வேண்டும்: முழங்கை, தோள், இடுப்பு, எங்கே வலி, எவ்வளவு நேரம். இரண்டு மாதம் எழுதிய பிறகு முதல் இரண்டு கட்டங்களின் கூட்டுத்தொகையைக் கிடை அச்சிலும் மூன்றாவதை நேர் அச்சிலும் வைத்து ஒரு வரைபடம் போடுங்கள். கோடு எந்த எண்ணிக்கையில் மேலே திரும்புகிறது என்று பார்த்து, உங்கள் உடற்பயிற்சி ஆசிரியரிடம் காட்டுங்கள்.